குவோஹி: புகலளித்த மலை

ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியிலே, வட கரொலைனா, ரென்னசி என்னும் இரு மாநிலங்களின் எல்லைக்கோடு ஒரு மலைச்சிகரத்தின் மீதாகச் செல்கின்றது. கடல்மட்டத்திலிருந்து 6,643 அடி, அதாவது ஏறத்தாழ 2,025 மீற்றர் உயர்ந்து நிற்கும் அச்சிகரத்தைத் தேசப்படங்கள் நெடுங்காலமாகக் ‘கிளிங்மன்ஸ் டோம்’ என்றே குறித்து வந்தன. கிளிங்மன் என்பவரின் பெயரால் அமைந்த குவிமாடம் என்பது அதன் பொருள். 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 18ஆந் திகதி, அந்நாட்டின் புவியியற் பெயர்ச் சபை அப்பெயரை நீக்கி, ‘குவோஹி’ என்னும் பழைய பெயரை மீண்டும் வழங்கத் தீர்மானித்தது. செரோக்கி என்னும் பழங்குடி மக்களின் மொழியிலே ‘முசுக்கட்டை மரங்கள் உள்ள இடம்’ என்று அதற்குப் பொருள் கூறுவர்.

ஒரு பெயர் மாறியதனால் மலைக்கு என்ன வந்தது என்று வினவுவோர் உளர். நியாயமான வினாவே. மலை ஓர் அடியேனும் உயரவில்லை, தாழவுமில்லை. ஆயினும் அம்மலையில் வாழும் மரங்களையும் விலங்குகளையும், அதனைச் சூழ்ந்து வாழும் மக்களையும் அவர்தம் கதைகளையும் அறிந்துகொண்ட பின்னர் அவ்வினாவை மீண்டும் கேட்டுப் பார்ப்பது நன்று. அவ்வாறு அறிந்துகொள்ளும் பொருட்டு, வாசகர்களை அம்மலைக்கு இன்று அழைத்துச் செல்கின்றோம்.

புகை போர்த்த மலைகள்

வட அமெரிக்காவின் கிழக்குப் புறத்திலே, தென்மேற்கிலிருந்து வடகிழக்காக, அலபாமா மாநிலம் முதல் கனடா வரை நீண்டு கிடப்பது அப்பலேச்சியன் மலைத்தொடராகும். அதன் தென்பாகத்தில் அமைந்த ஒரு பகுதிக்குப் ‘பெரும் புகைமலைகள்’ என்று பெயர். அப்பகுதியின் தலைச்சிகரம் குவோஹி. ரென்னசி மாநிலத்தின் அதியுயர்ந்த இடமும் இதுவே. மிசிசிப்பி நதிக்குக் கிழக்கே உள்ள நிலப்பரப்பு முழுவதிலும் இதனின் உயர்ந்த சிகரங்கள் இரண்டே உள்ளன. ஒன்று 6,684 அடி உயரமுடைய மிச்செல் மலை. மற்றையது 6,647 அடி உயரமுடைய கிறெய்க் மலை. குவோஹிக்கும் கிறெய்க் மலைக்கும் உள்ள வேற்றுமை நான்கு அடி மாத்திரமே.

இம்மலைகள் மிகப் பழமையானவை. இருபது முதல் முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னர், ஆபிரிக்காவின் நிலத்தட்டும் வட அமெரிக்காவின் நிலத்தட்டும் ஒன்றோடொன்று மோதியபோது இவை மடிந்து எழுந்தன என்பர் நிலவியலார். அன்று வானளாவ நின்ற சிகரங்களை மழையும் காற்றும் உறைபனியும் இடையறாது தேய்த்து வந்தன. ஆதலின், கூரிய முடிகள் இன்றி, முதியோரின் தோள்களைப் போல வளைந்தும் தணிந்தும் காடு போர்த்தும் அவை காட்சியளிக்கின்றன.

புகை என்று நாம் காண்பது நெருப்பினாலாய புகை அன்று. அடர்ந்த காட்டின் இலைகள் ஒருவகை ஆவியை வெளிவிடுகின்றன. அவ்வாவியினின்று பிறக்கும் நுண்துணிக்கைகள் சூரிய ஒளியைச் சிதறச் செய்கின்றன. அதனால் தொலைவிலுள்ள மலைகள் யாவும் நீல மெல்லாடை போர்த்தவை போலத் தோன்றுகின்றன. இதனோடு முகிலும் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். பள்ளத்தாக்குகளில் ஆண்டொன்றுக்குச் சராசரி 55 அங்குல மழை பெய்ய, உயர்ந்த சிகரங்களிலோ 85 அங்குலம் வரை பெய்கின்றது.

மலைகள் தோன்றிய விதத்தைச் செரோக்கியர் வேறொரு வகையாகக் கூறுவர். ஆதியில் எங்கும் நீரே நிறைந்திருந்ததாம். விலங்குகள் யாவும் வானுலகில் நெருக்குண்டு வாழ்ந்தன. நீர்வண்டு ஒன்று கீழிறங்கி, நீரின் அடியில் மூழ்கிச் சிறிது சேற்றைக் கொணர்ந்தது. அச்சேறு பரந்து விரிந்து பூமியாயிற்று. நிலம் உலர்ந்துவிட்டதோ என்று பார்த்து வரும்படி பெருங்கழுகு ஒன்றை அனுப்பினர். அது நெடுந்தூரம் பறந்து செரோக்கியரின் நாட்டை அடைந்தபோது களைத்துப் போயிற்று. அதன் சிறகுகள் ஈர நிலத்தில் அடித்த இடமெல்லாம் பள்ளத்தாக்காயிற்று. சிறகுகள் மேலெழுந்த இடமெல்லாம் மலையாயிற்று. வானிலிருந்த விலங்குகள் இதனைக் கண்டு, உலகம் முழுவதும் மலையாகிவிடுமோ என அஞ்சிக் கழுகைத் திரும்ப அழைத்துக்கொண்டன. ஆயினும் செரோக்கியரின் நாடு இன்றுவரை மலை நாடாகவே இருக்கின்றது.

குவோஹியின் உச்சியில் நின்று, அலையலையாக அடுக்கிக் கிடக்கும் மலைமுகடுகளைக் காண்போர்க்கு இக்கதை எங்ஙனம் பிறந்தது என்பது எளிதிற் புலனாகும்.

பனியூழியின் எச்சம்

பதினாயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் வட அமெரிக்காவின் பெரும் பகுதியைப் பனிப்பாளங்கள் மூடியிருந்தன. அவை தெற்கே புகைமலைகள் வரை வந்து சேரவில்லை. எனினும் குளிருக்கு அஞ்சிய வடநாட்டு மரஞ்செடிகளும் விலங்குகளும் தலைமுறை தலைமுறையாகத் தெற்கு நோக்கி நகர்ந்து வந்து இம்மலைகளைப் பற்றிக்கொண்டன. பின்னர் உலகம் வெப்பமுற்றது. தாழ்நிலத்தில் தங்கியவை அழிந்தொழிந்தன. மலையுச்சிகளில் ஏறிக்கொண்டவை அங்குள்ள குளிரிலே பிழைத்தன. இன்றைக்கும் இம்மலையின் அடிவாரத்திலிருந்து உச்சிக்குச் செல்லும் ஒருவர், தென்னாட்டுக் காடு ஒன்றிலே புறப்பட்டுக் கனடா நாட்டுக் காட்டை ஒத்த ஒரு காட்டிற் சென்று முடிவதாகவே சொல்லலாம். அடிவாரத்தில் ஓக் முதலான அகன்ற இலை மரங்கள். மேலே செல்லச் செல்ல அவை குறைந்து, உச்சியில் ஸ்புரூஸ், ஃபிர் என்னும் ஊசியிலை மரங்களின் இருண்ட காடு.

நியூஃபவுண்ட் கணவாயின் அருகிலிருந்து ஏழு மைல் நீளமான தெரு ஒன்று குவோஹியை நோக்கிச் செல்கின்றது. குளிர்காலத்தில், டிசெம்பர் முதலாந் திகதி தொடக்கம் மார்ச்சு மாத இறுதி வரை, அதனை மூடிவிடுவர். தெரு முடியும் இடத்திலிருந்து அரை மைல் தூரம் செங்குத்தான பாதையில் நடந்தே ஏறல் வேண்டும். உச்சியில் 1959ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 45 அடி உயரமான கொங்கிறீற்றுக் கோபுரம் ஒன்று உண்டு. அதற்குப் படிகள் இல்லை. சுழன்று சுழன்று செல்லும் சாய்தளப் பாதை வழியாகவே மேலே செல்வர். தெளிவான நாளில் அங்கிருந்து நூறு மைலுக்கு அப்பாலும் காணலாம் என்பர்.

நாம் சென்ற நாள் தெளிவான நாளாக வாய்க்கவில்லை. இலையுதிர்காலத்துக் காலைப்பொழுது, கீழே பள்ளத்தாக்கில் வெயில் எறித்தது. உச்சியை அடைந்தபோதோ முகில் எம்மைச் சூழ்ந்துகொண்டது. பத்து முழத் தூரத்தில் நின்றவரின் முகமும் தெரியவில்லை. தூரத்துக் காட்சி மறைந்தமையால் அருகிலுள்ளவற்றைப் பார்க்க நேர்ந்தது. பாறையெங்கும் மெத்தை போலப் பாசி படர்ந்திருந்தது. ஊசியிலைகளின் நுனிதோறும் முகில் நீராகித் துளித்துக் கொண்டிருந்தது. இளமரங்களின் நடுவே, பட்டையுரிந்து வெளிறிய பட்ட மரங்கள் கம்பங்களைப் போல நிரையாக நின்றன.

அப்பட்ட மரங்கள் ஃபிரேசர் ஃபிர் என்னும் இனத்தவை. அப்பலேச்சியன் மலைத்தொடரின் தென்பாகத்து உயர்ந்த மலைகளையன்றி உலகில் வேறெங்கும் அவை இயற்கையாக வளர்வதில்லை. ஐரோப்பாவிலிருந்து வணிகக் கன்றுகளோடு அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்த செடிப்பேன் ஒன்று அவற்றுக்குக் கூற்றாயிற்று. கண்ணுக்கு எளிதிற் புலப்படாத அப்பூச்சி வெண்பஞ்சு போன்ற ஒன்றால் தன்னை மூடிக்கொண்டு, மரப்பட்டையைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சும். அதன் நச்சினால் மரத்தினுள்ளே நீர் செல்லும் வழி அடைபட, நெடுமரமும் சில ஆண்டுகளில் பட்டுப்போகும். 1963ஆம் ஆண்டில் அப்பூச்சி புகைமலைகளிற் காணப்பட்டது. அதன்பின் அங்கு முதிர்ந்து நின்ற ஃபிர் மரங்களுட் பெரும்பாலானவை மாண்டன.

முழுக் காடும் அழிந்துவிடவில்லை. பட்ட மரங்களின் கீழே கன்றுகள் முளைத்துச் செறிந்து வளர்கின்றன. அவை முதிருமா, முதிருமுன் பூச்சிக்கு இரையாகுமா என்பதையே ஆராய்ச்சியாளர் கவனித்து வருகின்றனர். உலகம் மேலும் வெப்பமடையுமாயின், குளிரைத் தேடி இம்மரங்கள் இன்னும் மேலே செல்லல் வேண்டும். உச்சியில் நிற்பவற்றுக்கு மேலே செல்ல இடம் ஏது?

பாசிக்குள் ஓர் உலகம்

குவோஹியைத் தன்னகத்தே கொண்ட பெரும் புகைமலைத் தேசியப் பூங்கா 1934ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. 1940ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 2ஆந் திகதி, சனாதிபதி ரூஸ்வெல்ற் நியூஃபவுண்ட் கணவாயில் நின்று அதனை மக்களுக்கு அர்ப்பணித்தார். அதன் பரப்பு 520,000 ஏக்கருக்கும் மேற்பட்டது. 1983ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனம் அதனை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றது. அங்குள்ள உயிரினங்கள் யாவற்றையும் எண்ணிக் கணக்கிடும் முயற்சி ஒன்று 1998ஆம் ஆண்டில் தொடங்கியது. அதன் பயனாக, விஞ்ஞானம் முன்னர் அறிந்திராத ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிரினங்கள் கண்டறியப்பட்டுள்ளன.

இம்மலைகளுக்குச் சிறப்புத் தருவன சலமந்தர்கள். பல்லியைப் போன்ற உருவும் தவளையைப் போன்ற ஈரத்தோலும் உடைய சிறு பிராணிகள் அவை. முப்பது வகைச் சலமந்தர்கள் இங்கே வாழ்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு நுரையீரல் இல்லை. தோலினாலும் வாயின் உட்புறத்தாலுமே அவை மூச்சு விடுகின்றன. தோல் உலர்ந்தால் உயிர் போய்விடும். ஓயாத மழையும் முகிலும் உடைய இம்மலை அவற்றுக்கு உகந்த வீடாக அமைந்தது இதனாலேயே. கன்னத்தில் மாத்திரம் செந்நிறம் தீட்டியது போன்ற ஒரு சலமந்தர் இப்புகைமலைகளையன்றி வேறெங்கும் காணப்படுவதில்லை.

ஃபிர் மரத்தின் நிழலில் வளரும் ஈரப்பாசியினுள்ளே, மூன்று நான்கு மில்லிமீற்றரே நீளமுள்ள சிலந்தி ஒன்று வாழ்கின்றது. மரம் பட்டால் நிழல் போகும். நிழல் போனால் பாசி உலரும். பாசி உலர்ந்தால் சிலந்தி மடியும். 1995ஆம் ஆண்டில் அதனை அழியும் நிலையிலுள்ள உயிரினமென அமெரிக்க அரசாங்கம் அறிவித்தது. இரவிலே மரத்துக்கு மரம் தாவி மிதந்து செல்லும் வடநாட்டுப் பறக்கும் அணிலும் இக்காட்டையே நம்பியிருக்கின்றது.

இவை யாவற்றினும் மக்கள் காண விரும்புவது கருங்கரடியையே. பூங்காவில் ஏறத்தாழ 1,900 கரடிகள் உள்ளன என்று மதிப்பிட்டுள்ளனர். பழங்களும் கொட்டைகளும் பூண்டுகளுமே அவற்றின் உணவிற் பெரும்பகுதி. இலையுதிர்காலத்தில் ஓக் மரங்களில் ஏறி அவற்றின் கொட்டைகளை வயிறார உண்டு கொழுத்தபின், குளிர்காலத்தைக் குகையிலும் மரப்பொந்திலும் கழிக்கும். நிலத்திலிருந்து வெகு உயரத்திலுள்ள மரப்பொந்துகளிலும் அவை உறங்குவதுண்டு. தாய்க்கரடி அப்பொந்துக்குள்ளேயே, ஜனவரி, பெப்ருவரி மாதங்களிற் குட்டிகளை ஈன்று, வசந்தகாலத்தில் அவற்றை வெளியே அழைத்து வரும். கரடியை 50 யார் தூரத்துக்குள் நெருங்குவதும், அதற்கு உணவளிப்பதும் அங்கே சட்டத்தினால் தடுக்கப்பட்டுள்ளன. மனிதரின் உணவுக்குப் பழகிய கரடி காட்டை மறந்து, ஈற்றில் தன் உயிரையே இழக்கின்றது என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்துள்ளனர்.

வெண்கரடியின் சபை

கரடியும் குவோஹியும் செரோக்கியரின் கதைகளிற் பிரிக்க முடியாதவை. 1887ஆம் ஆண்டு முதல் அம்மக்களிடையே பலமுறை சென்று தங்கிய ஜேம்ஸ் மூனி என்னும் ஆராய்ச்சியாளர் அக்கதைகளைத் திரட்டி 1900ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவருக்கு அவற்றுட் பலவற்றைச் சொல்லியவர் அயூனினி என்னும் செரோக்கிப் பெரியார். ஆங்கிலம் பேசாத அவர், தம் குலத்து மருந்துகளையும் மந்திரங்களையும் 240 பக்கக் குறிப்பேடு ஒன்றிலே தம் மொழியில் எழுதி வைத்திருந்தார். அவ்வெழுத்தும் செரோக்கியருடையதே. எழுதப் படிக்க அறியாதிருந்த சிக்குவோயா என்பவர் பன்னிரண்டு ஆண்டளவு முயன்று, 1821ஆம் ஆண்டளவில் தம் மொழியின் ஒலிகளுக்குத் தாமாகவே எழுத்துகளை அமைத்தார். 1828ஆம் ஆண்டிலே அவ்வெழுத்தில் ஒரு பத்திரிகையும் வெளிவந்தது.

குவோஹியின் கீழே கரடிகளின் சபாமண்டபம் ஒன்று உண்டு என்பது அவர்களின் நம்பிக்கை. கரடிகளின் தலைவனாகிய வெண்கரடி அங்கே வாழ்கின்றான். குளிர்கால உறக்கத்திற்குச் செல்லுமுன் கரடிகள் யாவும் அங்கே கூடி நடனமாடுமாம்.

ஒருகால் மனிதர் பெருகி, வில்லும் அம்பும் செய்து விலங்குகளைக் கொன்று குவித்தனர். கரடிகள் குவோஹியின் கீழே சபை கூடின. நாமும் வில் செய்து மனிதரை எதிர்ப்போம் என்று முடிவு செய்தன. நாண் திரிப்பதற்குக் குடல் வேண்டுமென, ஒரு கரடி தன் உயிரையே கொடுத்தது. வில் ஆயிற்று; அம்பும் ஆயிற்று. எய்யும் வேளையில் கூர்நகங்கள் நாணிற் சிக்கிக் குறி தவறிற்று. ஒரு கரடியின் நகங்களை வெட்டிவிட்டுப் பார்த்தனர். அம்பு குறியில் தைத்தது. அப்போது வெண்கரடி தடுத்துக் கூறலாயிற்று. நகங்களை வெட்டிக்கொண்டால் மரம் ஏறுவது எங்ஙனம்? மரம் ஏறாவிட்டால் உண்பது எதனை? வில்லுக்காக ஒருவன் இறந்தது போதும். இயற்கை நமக்களித்த நகமும் பல்லுமே நமக்குப் போதும் என்று சொல்லிச் சபையைக் கலைத்தது.

ஓக் மரத்தில் ஏறிக் கொட்டை தின்னும் கரடியையும், உயர்ந்த பொந்தில் உறங்கும் கரடியையும் நாள்தோறும் கண்டவர்களே இக்கதையைக் கூறியிருத்தல் கூடும். கதை அத்துடன் முடியவில்லை. ஏனைய விலங்குகள் கூடி, மனிதரைத் தண்டிக்க நோய்களை உண்டாக்கின. மான்களோ, தம்மைக் கொன்றபின் மன்னிப்புக் கேளாத வேட்டைக்காரனுக்கு வாதநோய் வரச் செய்தன. இதனை அறிந்த மரஞ்செடி கொடிகள் மனிதர்பால் இரக்கம் கொண்டு, ஒவ்வொரு நோய்க்கும் தாமே மருந்தாக முன்வந்தன என்று அது முடிகின்றது.

கரடிகள் முன்னர் மனிதராயிருந்தன என்பது மற்றொரு கதை. ஒரு குலத்துச் சிறுவன் நாள்தோறும் விடியற்காலையிற் காட்டுக்குச் சென்று இரவிலே திரும்பினான். வீட்டில் உண்ண மறுத்தான். அவனுடைய உடலில் நீண்ட மயிர் வளர்வதைப் பெற்றோர் கண்டு வினவினர். காட்டிலே உழைக்காமலே உணவு நிறைய உண்டு, நீங்களும் வாருங்கள், அதற்கு முன் ஏழு நாள் உண்ணாதிருத்தல் வேண்டும் என்றான். குலம் முழுவதும் ஏழு நாள் நோன்பிருந்து காட்டை நோக்கிப் புறப்பட்டது. ஏனைய குலத்தார் ஓடிவந்து தடுத்தும் அவர்கள் திரும்பவில்லை. நீங்கள் பசியால் வாடும்போது எம்மைப் பாடி அழையுங்கள், எம் உடலையே தருவோம் என்று கூறி, அதற்குரிய பாடல்களையும் கற்பித்துவிட்டு நடந்தனர். பிரிந்து வந்தவர்கள் சற்றுத் தூரம் சென்று திரும்பிப் பார்த்தபோது, ஒரு கரடிக் கூட்டம் காட்டினுள்ளே புகுந்து கொண்டிருந்தது.

காணாத ஏரி

புகைமலைகளின் நடுவே அட்டகாஹி என்னும் ஏரி ஒன்று இருப்பதாகவும் செரோக்கியர் கூறுவர். அதனைக் கண்டோர் இலர்; ஆயினும் அது இல்லையென்று கூறுவோரும் இலர். வழி தவறி அதன் அருகே செல்லும் வேடன் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகளின் சிறகொலியைக் கேட்பான். அங்கே சென்று பார்த்தால் புல்லும் முளையாத வறண்ட வெளியே தோன்றும். உணவு நீக்கி, இரவு முழுவதும் கண்விழித்து வேண்டுதல் செய்பவன் ஒருவனுக்கே, விடியற்காலையில், பாறைகளிலிருந்து ஊற்றுகள் பாயும் அகன்ற ஏரி கணப்பொழுது காட்சியளிக்கும். வேடனால் அம்பு பட்ட கரடி எவ்வாறேனும் அங்கே சென்று நீரில் இறங்கினால், மறுகரையிற் காயம் ஆறி எழுந்து செல்லும். ஆதலினாலேயே விலங்குகள் அவ்வேரியை மனிதர் கண்ணுக்கு மறைத்து வைத்துள்ளன.

மலையில் ஒளிந்தோர்

காயமுற்ற கரடிக்கு மறைவிடம் அளித்த மலை, ஒருநாள் அக்கதையைச் சொன்ன மக்களுக்கும் மறைவிடமாயிற்று. 1830ஆம் ஆண்டில் சனாதிபதி அன்ட்ரூ ஜக்சன் காலத்தில், பழங்குடியினரை மிசிசிப்பி நதிக்கு மேற்கே அகற்றும் சட்டம் நிறைவேறியது. 1835ஆம் ஆண்டில், செரோக்கியர் அரசாங்கத்தின் அதிகாரம் பெறாத சிறு குழுவினர் நாட்டை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். ஆயிரக்கணக்கானோர் அதனை எதிர்த்து விண்ணப்பம் செய்தும் பயன் விளையவில்லை. 1838ஆம் ஆண்டில் இராணுவம் வந்து வீடுவீடாக மக்களைத் திரட்டியது. ஏறத்தாழ 16,000 பேர், இன்றைய ஒக்லஹோமா மாநிலத்தை நோக்கி, நூற்றுக்கணக்கான மைல் தூரம் அனுப்பப்பட்டனர். நோயாலும் குளிராலும் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் எனக் கணிப்பர். ‘கண்ணீர்ப் பாதை’ என்று வரலாறு அதனைக் குறிக்கின்றது.

சிலர் படைவீரரின் கையிற் சிக்காது புகைமலைகளின் காடுகளுக்குள் ஓடி ஒளிந்தனர். வேரும் பழமும் தின்று உயிர் காத்தனர். சாலி என்னும் முதியவரின் கதையை அங்கு இன்றும் சொல்வர். அவரது குடும்பத்தைப் படைவீரர் கொண்டு சென்றபோது கலகம் விளைந்து, வீரர் சிலர் இறந்தனர். சாலி மலைக்குள் மறைந்தார். அவர் சரணடைந்தால் ஏனையோரைத் தேடாது விடுவதாகத் தளபதி சொல்லியனுப்ப, தம் மக்களுக்காக அவர் தாமே வந்து உயிர் கொடுத்தார் என்பது செரோக்கியர் போற்றும் வரலாறு. இராணுவ ஆவணங்களோ அவர் பிடிபட்டதாகக் கூறுகின்றன. 1838ஆம் ஆண்டு நவம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதில் இரு தரப்பினரும் ஒன்றுபடுகின்றனர்.

மலையில் ஒளிந்தோரும், முன்னரே தனி நிலம் பெற்று அப்பக்கத்தில் வாழ்ந்தோரும் சேர்ந்து, இன்றைய கிழக்குச் செரோக்கியர் சமூகமாயினர். 14,000க்கும் மேற்பட்டோர் இன்று அதன் அங்கத்தவர். பூங்காவின் தென் எல்லையை அடுத்து அவர்களது நிலம் அமைந்துள்ளது. அங்கிருந்து நோக்கினால் குவோஹி தெரியும்.

இரு பெயர்கள்

செரோக்கியர் அகற்றப்பட்டு இருபத்தொரு ஆண்டுகள் கழிந்தபின், சுவிற்சர்லாந்திற் பிறந்த புவியியற் பேராசிரியர் ஆர்னோல்ட் கியோ, வளியமுக்கமானியுடன் இம்மலைகளில் ஏறி உயரங்களை அளந்தார். 1859ஆம் ஆண்டில் இச்சிகரத்துக்குத் தோமஸ் லனியர் கிளிங்மன் என்பவரின் பெயரை அவரே சூட்டினார். கிளிங்மன் வட கரொலைனாவின் சட்ட அறிஞர். செனற் சபை உறுப்பினர். பின்னர் உள்நாட்டுப் போரிலே, அடிமை முறையைக் காக்க எழுந்த தென்மாநிலங்களின் படையில் தளபதியாயிருந்தவர். மலைகளை ஆராய்வதில் அவருக்கு ஆர்வம் இருந்தது உண்மையே. எது உயர்ந்த சிகரம் என்று அவரோடு வாதிட்ட பேராசிரியர் எலிஷா மிச்செல், தம் அளவையை உறுதிப்படுத்த மலையேறியபோது 1857ஆம் ஆண்டிலே தவறி வீழ்ந்து இறந்தார். மிச்செல் மலைக்கு அவருடைய பெயரே நிலைத்தது.

2022ஆம் ஆண்டிலே, கிழக்குச் செரோக்கியருட் பெண்மணிகள் இருவர் பழம்பெயரை மீட்கும் முயற்சியைத் தொடங்கினர். அவர்தம் ஆட்சிச் சபை அதனை ஏற்றுக்கொண்டது. அயலிலுள்ள உள்ளூராட்சிச் சபைகளும் ஆதரவளித்தன. இரண்டு ஆண்டுகளில் முயற்சி கைகூடிற்று. நிலம் திரும்பவில்லை, கண்ணீர்ப் பாதையில் மாண்டவர் திரும்பவில்லை. பெயர் மாத்திரம் திரும்பியது. அதனைச் சிறிதென்று கொள்வதா, பெரிதென்று கொள்வதா?

கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட எமக்கு ஒரு செய்தி இதற்கு விடையாகத் தோன்றுகின்றது. 2024ஆம் ஆண்டில் ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகளைக் கண்ட பூங்கா அது. அத்தனை கூட்டம் வரும் இடத்திலே, ஆண்டில் மூன்று தடவை, அரை நாட்பொழுது, குவோஹியைப் பொதுமக்களுக்கு மூடி வைக்கின்றனர். அவ்வேளையில் செரோக்கிப் பாடசாலைப் பிள்ளைகள் மாத்திரமே அங்கு செல்வர். தம் மொழியையும் பண்பாட்டையும் அறிந்த பெரியோர்களிடம், அம்மலையின் வரலாற்றை அம்மலையின் மீதே நின்று அவர்கள் கேட்கின்றனர்.

வெண்கரடியின் மண்டபம் எதன் கீழ் உள்ளது என்று ஒரு பிள்ளை கேட்டால், கதையில் ஒரு பெயரும் தேசப்படத்தில் வேறொரு பெயருமாகச் சொல்ல வேண்டிய தேவை இனி அவர்தம் ஆசிரியர்க்கு இல்லை. பாடப்புத்தகமும் பாட்டியின் கதையும் அம்மலையை இப்பொழுது ஒரே பெயரால் அழைக்கின்றன.